காலேஜ் மேல கம்ப்ளைண்ட் பண்ணா விசா போயிடுமா? வாசகர் கேள்விகளுக்கு பதில்

போன இதழ்ல, வெளிநாட்டுல படிக்கிற பசங்களுக்கு காலேஜோட ஏதாவது பிரச்னைன்னா எழுதுங்கன்னு கேட்டிருந்தோம். ஆஸ்திரேலியாலேர்ந்துதான் நிறைய லெட்டர் வந்திருக்கு, அதனால இந்த தடவ பெரும்பாலும் அந்த ஊரு சட்டம்தான். நான் சிட்னில ஸ்டூடண்ட் சப்போர்ட் வேலைல பல வருஷம் இருந்தவ, அதுக்கு முன்னாடி நானும் ஸ்டூடண்ட் விசால வந்து இறங்கினவதான், அதனால இந்த லெட்டரெல்லாம் படிக்கும்போது மனசு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு. எழுதினவங்க பேரு, காலேஜ் பேரு எல்லாம் எடுத்துட்டோம்.

கேள்வி: அக்கா, நான் சிட்னி வெண்ட்வொர்த்வில்ல இருக்கேன், ஒரு பிரைவேட் காலேஜ்ல கமர்ஷியல் குக்கரி படிக்கிறேன். சேரும்போது கையெழுத்து வாங்கின பேப்பர்ல வாரத்துக்கு ரெண்டு நாள் கிச்சன் ப்ராக்டிகல்னு இருக்கு. நாலு மாசமா கிச்சனுக்கே கூட்டிட்டு போகல, வீடியோ போட்டு காட்டுறாங்க. ரிசப்ஷன்ல மூணு தடவ சொல்லிட்டேன், பாக்கறோம் பாக்கறோம்ங்கறாங்க. ரூம்மேட் சொல்றான், கம்ப்ளைண்ட் பண்ணா உன் சிஓஇய, அதான் காலேஜ்ல சேர்ந்ததுக்கு கொடுக்கற உறுதி சான்றிதழ, கேன்சல் பண்ணிடுவான், விசா போயிடும், வாய மூடிட்டு இருன்னு. அவன் சொல்றது உண்மையா?

உண்மை இல்ல தம்பி. இந்த ஒரு பயத்தாலதான் நம்ம பசங்க வருஷக்கணக்கா பணத்தையும் கட்டிட்டு பேசாம இருக்காங்க, அதனால இத முதல்ல சொல்லிடறேன். உங்க விசா வந்த மெயில திறந்து பாருங்க, நம்பர் போட்டு கண்டிஷன் எல்லாம் இருக்கும். 8202ன்னா சேர்ந்த கோர்ஸ்ல இருக்கணும், ஒழுங்கா பாஸ் பண்ணிட்டு வரணும், கிளாஸுக்கு போகணும். 8105ன்னா வேலை நேரம், கிளாஸ் நடக்கற சமயத்துல ரெண்டு வாரத்துக்கு 48 மணி நேரம். 8501 ஹெல்த் இன்சூரன்ஸ். 8533 அட்ரஸ் மாறினா ஏழு நாளைக்குள்ள காலேஜுக்கு சொல்லணும்ங்கறது. இதுல எங்கயாவது காலேஜ் மேல புகார் சொல்லக்கூடாதுன்னு இருக்கான்னு நீங்களே தேடி பாருங்க, இருக்காது.

அது மட்டும் இல்ல. வெளிநாட்டு ஸ்டூடண்ட்ட சேத்துக்கற காலேஜ் எல்லாமே ஈசாஸ் சட்டம்னு 2000ல வந்த சட்டத்துக்கு கீழ வருது, அந்த சட்டத்துக்குள்ள நேஷனல் கோட் 2018னு ஒண்ணு இருக்கு, அதுல பத்தாவது ஸ்டாண்டர்ட் முழுக்க முழுக்க கம்ப்ளைண்ட் அப்பீல் பத்திதான். காலேஜ் கட்டாயம் ஒரு கம்ப்ளைண்ட் முறை வெச்சிருக்கணும். அதுக்கு காசு வாங்கக்கூடாது, வாங்கினாலும் ரொம்ப ரொம்ப கம்மியாதான் இருக்கணும். நீங்க முறைப்படி கொடுத்த நாள்லேர்ந்து பத்து வேலை நாளைக்குள்ள அத எடுத்து விசாரிக்க ஆரம்பிக்கணும். மீட்டிங் வெச்சா கூட ஒருத்தர துணைக்கு கூட்டிட்டு போகலாம், ஃபிரெண்டா இருக்கலாம், மாமாவா இருக்கலாம். முடிவ காரணத்தோட எழுத்துல கொடுக்கணும். இதெல்லாம் அவங்க பெரிய மனசு பண்ணி செய்யறது இல்ல தம்பி, செஞ்சே ஆகணும்னு சட்டம்.

ஆனா இங்க ஒரு வார்த்தைய கவனிங்க, முறைப்படி கொடுத்த நாள்லேர்ந்து. நீங்க ரிசப்ஷன்ல மூணு தடவ சொன்னது எல்லாம் காத்தோட போச்சு, அதுக்கு கணக்கே ஆரம்பிக்கல. அந்த பொண்ணும் பாவம் வேற வேலைய பாத்துட்டு மறந்திருக்கும். நான் படிக்கும்போது ஒரு டெர்ம் ஃபீஸ ரெண்டு தடவ கட்டிட்டேன், ஆபீஸ்ல போய் நேர்ல சொன்னேன், அடுத்த வாரம் வாங்கன்னாங்க, போனேன், அந்த ஆள் லீவுன்னாங்க, இப்படியே ஆறு மாசம் போச்சு, கடைசில நான் பேசின ஆளே வேலைய விட்டு போயிட்டார், நான் சொன்னதுக்கு ஒரு துண்டு சீட்டு ஆதாரம் கிடையாது. அந்த பணம் எனக்கு திரும்பி வரவே இல்ல. அப்பா நகைய அடகு வெச்சு அனுப்பின பணம் அது. அன்னைக்கு யாராவது ஒருத்தர் என்கிட்ட ஒரு மெயில் போடுமான்னு சொல்லியிருந்தா போதும்.

அதனால இன்னைக்கு ராத்திரியே காலேஜ் வெப்சைட்ல கம்ப்ளைண்ட்ஸ் அண்ட் அப்பீல்ஸ் பாலிசின்னு தேடுங்க, ஸ்டூடண்ட் ஹேண்ட்புக்லயும் இருக்கும், அதுல எந்த ஃபார்ம், எந்த மெயில் ஐடின்னு போட்டிருக்கும். நீங்க கையெழுத்து போட்ட அக்ரிமெண்ட்ல ப்ராக்டிகல் பத்தி சொன்ன பக்கத்த போட்டோ எடுத்து வெச்சு, எந்தெந்த தேதில கிளாஸ் வீடியோலயே முடிஞ்சுதுன்னு ஒரு பேப்பர்ல எழுதி, அதையும் சேத்து அனுப்புங்க. உங்க கிளாஸ்ல மத்தவங்களுக்கும் இதே கதைன்னா எல்லாரும் தனித்தனியா அவங்கவங்க பேர்ல அனுப்பினா நல்லது. ஒரே லெட்டர்ல இருபது பேரு கையெழுத்து போட்டா அப்புறம் ஒவ்வொருத்தனா பின்வாங்குவான், நான் நிறைய பாத்திருக்கேன்.

காலேஜ் முடிவு சொல்லி அது உங்களுக்கு சரியா படலன்னா உள்ளுக்குள்ளயே அப்பீல் பண்ணலாம், அதுவும் முடிஞ்சதும் வெளில யார்கிட்ட போகலாம்னு பத்து வேலை நாளைக்குள்ள காலேஜே உங்களுக்கு சொல்லணும். நீங்க பிரைவேட் காலேஜ்ல தொழில் படிப்பு படிக்கறதால உங்களுக்கு காமன்வெல்த் ஆம்புட்ஸ்மன் ஆபீஸ்ல இருக்கற ஓவர்சீஸ் ஸ்டூடண்ட்ஸ் ஆம்புட்ஸ்மன், அதாவது காலேஜுக்கு வெளில இருந்து புகார விசாரிக்கற அரசு அதிகாரி. பைசா செலவு இல்ல. ஆஸ்குவான்னு ஒண்ணு கேள்விப்பட்டிருப்பீங்க, அது தொழில் படிப்பு காலேஜ்கள கண்காணிக்கற அமைப்பு, அங்கயும் தகவல் கொடுக்கலாம், கிச்சனே இல்லாம குக்கரி நடத்தறாங்கன்னா அவங்க தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம்தான், ஆனா உங்க ஃபீஸ வாங்கி கொடுக்கறது அவங்க வேலை இல்ல. உங்க தனிப்பட்ட தீர்வுக்கு ஆம்புட்ஸ்மன்தான்.

கேள்வி: வணக்கம் மேடம், நான் கும்பகோணம். என் பொண்ணு அடிலெய்டுல படிக்கிறா. போன செமஸ்டர்ல அவளோட பாட்டி, என் அம்மா, இறந்துட்டாங்க. அவளால வர முடியல, அதுலேர்ந்து சரியா சாப்பிடல தூங்கல, ரெண்டு செமஸ்டரா பாதிக்கு மேல ஃபெயில். இப்ப காலேஜ்லேர்ந்து, உன்ன இமிக்ரேஷனுக்கு ரிப்போர்ட் பண்ணப்போறோம்னு மெயில் வந்திருக்கு. நான் காலேஜுக்கு போன் பண்ணேன், உங்ககிட்ட பேச முடியாதுன்னு வெச்சுட்டாங்க. பொண்ணு அழுதுட்டே இருக்கா, டிக்கெட் போட்டு வந்துடறேங்கறா. என்ன செய்யறது?

அம்மா, முதல்ல டிக்கெட் போட வேணாம்னு சொல்லுங்க. உங்க வீட்டு துக்கத்துக்கு நடுவுல இது வேறயான்னு எனக்கு மனசு பதறுது, ஆனா இதுல இன்னும் வழி இருக்கு.

வந்திருக்கற மெயில நல்லா படிக்க சொல்லுங்க, அது ரிப்போர்ட் பண்ணிட்டோம்னு சொல்ற மெயில் இல்ல, பண்ணப்போறோம்னு எச்சரிக்கற மெயில். அத அனுப்பாம நேரா ரிப்போர்ட் பண்ணவே முடியாது. அந்த மெயில்ல காரணம் சொல்லியிருக்கணும், அப்பீல் பண்ண 20 வேலை நாள் இருக்குன்னும் சொல்லியிருக்கணும். வேலை நாள்னா சனி ஞாயிறு, அரசு விடுமுறை சேராது, கிட்டத்தட்ட நாலு வாரம். மெயில் வந்த தேதி என்னன்னு உடனே கேளுங்கம்மா, ஏன்னா நம்ம பசங்க காலேஜ் மெயில வாரக்கணக்கா திறக்கவே மாட்டாங்க, பத்து நாள் கழிச்சுதான் பாத்திருப்பா, ஆனா கணக்கு அவ பாத்த நாள்லேர்ந்து ஓடாது. அந்த 20 நாள் தாண்டிட்டா அவ அப்பீல் வேணாம்னு விட்டுட்டான்னுதான் அர்த்தம், அதுக்கப்புறம் காலேஜ் ரிப்போர்ட் பண்ணிடலாம்.

அப்பீல்ல என்ன சொல்றதுன்னு கேப்பா. ரெண்டு விஷயம் இருக்கு. ஒண்ணு அவளோட நிலைமை. அவ கைல இல்லாத காரணத்தால படிப்பு பாதிச்சிருந்தா அத காலேஜ் கணக்குல எடுத்துக்கணும், கடுமையான உடம்பு சரியில்லாம போறது, நெருங்கின சொந்தம் இறந்து போறது, ஊர்ல பெரிய இயற்கை சீற்றம் எல்லாம் அதுல வரும். நெருங்கின சொந்தம்னா அப்பா அம்மா மட்டும்தான்னு நிறைய பேர் நெனச்சுட்டு விட்டுடறாங்க, தாத்தா பாட்டியும் சேர்த்திதான் அம்மா. உங்க அம்மாவோட இறப்பு சான்றிதழ நகராட்சில வாங்கியிருப்பீங்க, அத இங்கிலீஷ்ல மொழிபெயர்த்து அனுப்பி வைங்க. அவ தூங்கல சாப்பிடலன்னு சொல்றீங்களே, டாக்டர பாத்தாளா? பாக்கலன்னா இப்பவாவது பாக்க சொல்லுங்க, லெட்டருக்காக மட்டும் சொல்லல, அந்த பொண்ணுக்கு உண்மையிலேயே தேவைப்படுது. காலேஜ்ல கவுன்சிலர் இருப்பாங்க, ஓவர்சீஸ் ஸ்டூடண்ட் இன்சூரன்ஸ்ல டாக்டர பாக்கற செலவுலயும் ஒரு பங்கு வரும்.

ரெண்டாவது விஷயம் காலேஜ் என்ன செஞ்சுதுங்கறது. இத யாரும் கேக்கறதே இல்ல. ஒரு ஸ்டூடண்ட் பின்தங்கறான்னு தெரிஞ்சா அவன கூப்பிட்டு பேசி, சப்ஜெக்ட் குறைக்கணுமா, ட்யூஷன் வேணுமா, கவுன்சிலிங் வேணுமான்னு பாக்கறதுக்கு காலேஜ்ல ஒரு ஏற்பாடு இருக்கணும், அத செய்யணும்னு அதே நேஷனல் கோட்ல எட்டாவது ஸ்டாண்டர்ட்ல இருக்கு. முதல் செமஸ்டர் ஃபெயிலானப்ப உங்க பொண்ண யாராவது கூப்பிட்டாங்களா, ஒரு மெயிலாவது போட்டாங்களா? போடலன்னா அத அப்பீல்ல தெளிவா எழுதணும். போட்டிருந்து அவதான் போகலன்னா அதையும் மறைக்காம எழுதி, ஏன் போகலன்னு சொல்லணும். உள்ள போய் பாத்தா எல்லா மெயிலும் அவங்க சிஸ்டம்ல இருக்கும், ஒரு பொய் சொன்னா மத்த உண்மை எல்லாம் சேந்து அடிபட்டுடும்.

இத நல்லா ஞாபகம் வெச்சுக்கங்க, படிப்புல பின்தங்கினதுக்காக ரிப்போர்ட் பண்றதுன்னா உள் அப்பீல் முடிஞ்சு, அவ வெளி ஆம்புட்ஸ்மன்கிட்ட போனா அதுவும் முடிஞ்சு, அங்கயும் காலேஜ் பக்கம் தீர்ப்பு வந்தாதான் ரிப்போர்ட் பண்ண முடியும். அதுவரைக்கும் அவ ஸ்டூடண்ட்தான், கிளாஸுக்கு ஒழுங்கா போகணும், அசைன்மெண்ட் கொடுக்கணும். அப்பீல் போட்டுட்டு வீட்ல படுத்துடக்கூடாது. ஃபீஸ் கட்டல, ஒழுங்கீனம்னு சொல்லி காலேஜ் அட்மிஷன கேன்சல் பண்றது வேற கதை, அதுல உள் அப்பீல் முடியற வரைக்கும்தான் காத்திருக்கணும், வெளில போறவரை காத்திருக்க வேண்டியதில்ல. ரெண்டையும் போட்டு குழப்பிக்கறவங்க நிறைய.

அப்படியே ரிப்போர்ட் ஆனாலும் அந்த நிமிஷமே விசா போயிடாதும்மா. ஹோம் அஃபேர்ஸ் டிபார்ட்மெண்ட் பாத்து, ரத்து பண்ணலாமா வேணாமான்னு யோசிச்சுதான் செய்யும். ஆனா அந்த இடம் வரைக்கும் விடாதீங்க.

அப்புறம் நீங்க போன் பண்ணி அவங்க பேச மறுத்தது உங்கள அவமதிக்க இல்ல. 18 வயசு தாண்டின பொண்ணோட விஷயத்த அவ சம்மதம் இல்லாம அம்மா அப்பாகிட்ட கூட சொல்லக்கூடாதுன்னு அங்க பிரைவசி சட்டம். உங்க பேர போட்டு ஒரு சம்மத லெட்டர் அவ கொடுத்துட்டா பேசுவாங்க. உங்களுக்கு இங்கிலீஷ் சிரமம்னா அரசாங்கத்தோட டிஸ் நேஷனல் மொழிபெயர்ப்பு சேவை இருக்கு, ஆஸ்திரேலியாவுக்குள்ள இருந்து 131 450, தமிழ் பேசறவங்க கிடைப்பாங்க, பொண்ணு கூட அத வெச்சு பேசலாம்.

கேள்வி: என் பையனுக்கு ஆஸ்திரேலியா விசா ரிஜெக்ட் ஆகிடுச்சு. காலேஜுக்கு முன்கூட்டியே 12,000 டாலர் கட்டியிருக்கோம். ஏஜெண்ட், ஃபீஸ் திரும்ப வராதுங்கறார், கொஞ்ச நாள் கழிச்சு பாதி வரும்ங்கறார். – ஒரு அப்பா, பொள்ளாச்சி

ஐயா, ஏஜெண்ட் சொல்றத நம்பி உக்காந்திராதீங்க. விசா மறுத்ததால கோர்ஸ் ஆரம்பிக்கவே முடியலன்னா காலேஜ் எவ்வளவு பிடிக்கலாம்னு சட்டத்துல கணக்கே போட்டு வெச்சிருக்கு, கட்டின மொத்தத்துல 5 சதவீதம் இல்லன்னா 500 டாலர், இதுல எது கம்மியோ அது. உங்க 12,000த்துக்கு 5 சதவீதம் 600 வருது, 500 அதவிட கம்மி, அப்ப 500 பிடிச்சுட்டு 11,500 திரும்ப வரணும். 8,000 கட்டினவருக்கு 400தான் பிடிக்கலாம். காலேஜோட சொந்த ரீஃபண்ட் பாலிசில வேற என்ன எழுதியிருந்தாலும் இந்த இடத்துல சட்டம்தான் செல்லும்.

பையன் பேர்லேர்ந்து, விசா மறுப்பு லெட்டர வெச்சு, கோர்ஸ்லேர்ந்து விலகறேன்னும் ரீஃபண்ட் கொடுங்கன்னும் காலேஜுக்கு நேரா மெயில் போடுங்க, ஏஜெண்ட்ட காப்பில வேணா வைங்க. விலகறேன்னு எழுதாம விட்டா கோர்ஸ் தொடங்கற தேதி வரைக்கும் இழுத்தடிப்பாங்க. விலகினதிலேர்ந்து நாலு வாரத்துக்குள்ள பணம் வரணும். பணம் யார் அக்கவுண்டுக்கு போகும்னு அக்ரிமெண்ட்ல பாருங்க, சில பேரோடதுல ஏஜெண்ட் அக்கவுண்ட்டே இருக்கும், அப்படின்னா உடனே பேசி மாத்த சொல்லணும். நாலு வாரம் தாண்டிட்டா இது கம்ப்ளைண்ட், முதல் கேள்விக்கு சொன்ன அதே வழிதான், ஊர்ல இருந்துட்டே பண்ணலாம். ஏஜெண்ட் தனியா வாங்கின சர்வீஸ் சார்ஜ், விசாவுக்கு கட்டின ஃபீஸ் இந்த கணக்குல வராது, ஹெல்த் இன்சூரன்ஸ் பணத்த இன்சூரன்ஸ் கம்பெனிகிட்டதான் கேக்கணும்.

கேள்வி: அக்கா, நான் யாழ்ப்பாணத்தில இருந்து வந்து மெல்பேர்ன்ல யூனில மாஸ்டர்ஸ் செய்யிறன். ஒரு பாடத்தில குரூப் அசைன்மெண்டில நான் செய்த வேலையை மற்ற பெடியள் தங்கட எண்டு போட்டிட்டினம், எனக்கு கள்ளம் செய்ததெண்டு மிஸ்கண்டக்ட் கேஸ் போட்டிருக்கினம். ஹியரிங்குக்கு முந்தின நாள்தான் சொல்லிச்சினம், என்ர ஆதாரத்தை காட்டவே விடேல்ல. பூச்சியம் போட்டாச்சு. ஆரிட்ட போறது?

தங்கச்சி, நீங்க படிக்கறது யூனிவர்சிட்டிங்கறதால உங்களுக்கு வேற கதவு. 2025 பிப்ரவரி 1லேர்ந்து நேஷனல் ஸ்டூடண்ட் ஆம்புட்ஸ்மன்னு புதுசா வந்திருக்கு, உயர்கல்வில படிக்கற உள்ளூர் பசங்க, வெளிநாட்டு பசங்க எல்லாருக்கும் அதுதான். ஆனா முதல்ல யூனிக்குள்ள இருக்கற அப்பீல முடிச்சிடுங்க, அதுக்கு கெடு தேதி இருக்கும், முடிவு வந்த லெட்டர்ல கடைசி பக்கத்துல போட்டிருப்பாங்க.

அப்பீல்ல எத எழுதறோம்ங்கறதுல கவனமா இருங்க. இந்த அசைன்மெண்ட்டுக்கு எத்தன மார்க் தரணும்ங்கறது வாத்தியாரோட கல்வி முடிவு, அதுல ஆம்புட்ஸ்மன் தலையிட மாட்டார். ஆனா முதல் நாள்தான் சொன்னாங்க, ஆதாரம் காட்ட விடல, என் பக்கத்த கேக்கல, இது எல்லாம் முறை தப்பினது, அத பாப்பாங்க. அதனால நான் நல்லா எழுதியிருந்தேன்னு பக்கம் பக்கமா எழுதறத விட்டுட்டு, எந்த தேதில நோட்டீஸ் வந்துச்சு, பாலிசில எத்தன நாள் முன்னாடி கொடுக்கணும்னு இருக்கு, கூகுள் டாக்ஸ்ல நீங்க எழுதின பகுதியோட வெர்ஷன் ஹிஸ்டரி, வாட்ஸ்ஆப் குரூப்ல நீங்க ஃபைல் அனுப்பின ஸ்கிரீன்ஷாட், இத வைங்க. கேம்பஸ்ல ஸ்டூடண்ட் யூனியன்ல அட்வகசின்னு ஒரு பிரிவு பெரும்பாலும் இருக்கும், யூனி நிர்வாகத்துக்கு சம்பந்தமில்லாம உங்க பக்கம் நிக்கறவங்க, அவங்கள கூட்டிட்டு போங்க. தனியா போகாதீங்க தங்கச்சி.

டேஃப்னு சொல்ற அரசாங்க தொழில் படிப்பு காலேஜ்ல படிக்கறவங்க யாராவது இத படிச்சிட்டு இருந்தா, உங்களுக்கு அந்தந்த மாநில ஆம்புட்ஸ்மன்.

கேள்வி: காலேஜ் மாறணும். ஆறு மாசம் ஆகல, ரிலீஸ், அதான் வேற காலேஜுக்கு போக அனுமதி, தரமாட்டேங்கறாங்க. – பெர்த்

முக்கிய கோர்ஸ்ல முதல் ஆறு மாசம் முடியறவரைக்கும் பழைய காலேஜோட ரிலீஸ் வேணும்ங்கறது உண்மைதான். ஆனா தரமாட்டோம்னு வாயால சொல்லி அனுப்ப முடியாது, காரணத்த எழுத்துல கொடுக்கணும், அதுக்கும் 20 வேலை நாள் அப்பீல் உண்டு. முதல்ல எழுதி கேளுங்க. ரிலீஸுக்குன்னு தனியா காசு கேட்டா கொடுக்காதீங்க, இலவசமாதான் தரணும்.

கேள்வி: நான் படிக்கிற காலேஜ் மூடப்போறாங்கன்னு பேச்சு அடிபடுது. கட்டின பணம் போச்சா?

போகாது. காலேஜ் கோர்ஸ நிறுத்திட்டா 14 நாளைக்குள்ள உங்களுக்கு வேற கோர்ஸ் ஏற்பாடு பண்ணணும், இல்லன்னா இன்னும் நடத்தாத பகுதிக்கான ஃபீஸ திருப்பி தரணும். அவங்க கை விரிச்சிட்டா ட்யூஷன் ப்ரொடெக்‌ஷன் சர்வீஸ்னு அரசாங்க அமைப்பு இருக்கு, அவங்க உங்கள தொடர்பு கொண்டு வேற காலேஜ்ல இடம் தேடி தருவாங்க, பொருத்தமா ஒண்ணும் கிடைக்கலன்னா மீதி ட்யூஷன் ஃபீஸ கொடுப்பாங்க. ஏற்கனவே நடத்தி முடிச்ச மாசங்களுக்கு வராது. இப்ப பேச்சுதானே அடிபடுது, அதனால ஃபீஸ் ரசீது, அக்ரிமெண்ட், இதுவரைக்கும் பாஸ் பண்ண யூனிட்டோட ரிசல்ட் எல்லாத்தையும் இன்னைக்கே டவுன்லோட் பண்ணி உங்க சொந்த மெயிலுக்கு அனுப்பிக்கோங்க. காலேஜ் மூடின அன்னைக்கு அந்த போர்ட்டலும் சேந்து மூடிடும், பாஸ் பண்ண யூனிட்டுக்கு சாட்சி இல்லாம திரும்பவும் முதல்லேர்ந்து படிச்ச பசங்கள எனக்கு தெரியும்.

கேள்வி: நான் இங்கிலாந்துல லெஸ்டர்ல எம்எஸ்சி முடிச்சேன். ப்ராஜெக்ட் கைடு நடுவுல போயிட்டார், ரெண்டு மாசம் யாரையும் போடல. ஃபெயில் பண்ணிட்டாங்க. யூனிவர்சிட்டில அப்பீல் பண்ணி தோத்துட்டேன். அவ்வளவுதானா?

இல்ல தம்பி. இங்கிலாந்து, வேல்ஸ் ரெண்டுக்கும் ஓஐஏன்னு ஒரு அமைப்பு இருக்கு, முழு பேரு ஆபீஸ் ஆஃப் தி இன்டிபென்டன்ட் அஜூடிகேட்டர், ஸ்டூடண்ட்டுக்கு இலவசம். உள்ள இருக்கற எல்லா படியும் முடிஞ்சதும் யூனிவர்சிட்டி உங்களுக்கு கம்ப்ளீஷன் ஆஃப் ப்ரொசீஜர்ஸ் லெட்டர்னு ஒண்ணு கொடுக்கணும், அது வந்திருக்கான்னு பாருங்க, வரலன்னா கேட்டு வாங்குங்க. அந்த லெட்டர் தேதிலேர்ந்து 12 மாசத்துக்குள்ள ஓஐஏக்கு போகணும். விசா முடிஞ்சு ஊருக்கு வந்துட்டாலும் ஆன்லைன்லயே பண்ணலாம், நேர்ல நிக்க வேண்டியதில்ல.

இங்கயும் மார்க்க மாத்துன்னு கேட்டா எடுத்துக்க மாட்டாங்க. ரெண்டு மாசம் கைடு இல்லாம விட்டது யூனிவர்சிட்டி கொடுத்த வாக்க மீறினது, அத அப்பீல்ல சொல்லியும் சரியா பரிசீலிக்கலன்னு எழுதுங்க. நீங்க அந்த ரெண்டு மாசத்துல கைடு யாருன்னு கேட்டு மெயில் போட்டிருந்தா அதுதான் உங்க பலம். ஓஐஏ உங்க பக்கம் நியாயம்னு சொன்னா திரும்ப ஒரு வாய்ப்பு கொடுக்க சொல்லலாம், நஷ்ட ஈடு கொடுக்க சொல்லலாம். ஸ்காட்லாந்துல படிக்கறவங்களுக்கு இது இல்ல, அங்க பப்ளிக் சர்வீசஸ் ஆம்புட்ஸ்மன் தனியா இருக்கு.

கேள்வி: அக்கா எனக்கு இங்கிலீஷ்ல லெட்டர் எழுத வராது, பயமா இருக்கு. எப்படி ஆரம்பிக்கறது? – பிரிஸ்பேன்

பெரிய இங்கிலீஷ் வேணாம்மா. கோவமும் வேணாம், நீங்க என்ன ஏமாத்திட்டீங்கன்னு ஆரம்பிச்சா படிக்கறவங்க மனசு அங்கயே மூடிடும். முதல் வரில இது காலேஜோட கம்ப்ளைண்ட் பாலிசிப்படி நான் கொடுக்கற முறையான புகார்னு எழுதுங்க, அந்த ஒரு வரி இருந்தாதான் நாள் கணக்கு ஓட ஆரம்பிக்கும். அப்புறம் பேரு, ஸ்டூடண்ட் நம்பர், கோர்ஸ். அப்புறம் நடந்தது, தேதி தேதியா. இந்த மாதிரி எழுதுங்க, தமிழ்ல எழுதிட்டு மெதுவா மாத்திக்கலாம்:

"மார்ச் 3ந்தேதி டெர்ம் ஃபீஸ் கட்டினேன், ரசீது இணைச்சிருக்கேன். மார்ச் 20ந்தேதி ஃபீஸ் கட்டலன்னு எனக்கு மெயில் வந்துச்சு. மார்ச் 21ந்தேதி அக்கவுண்ட்ஸ்ல நேர்ல போய் ரசீது காட்டினேன். ஏப்ரல் 2ந்தேதி என் போர்ட்டல லாக் பண்ணிட்டாங்க. அதனால ரெண்டு அசைன்மெண்ட் சப்மிட் பண்ண முடியல. என் போர்ட்டல திறக்கணும், அந்த ரெண்டு அசைன்மெண்ட்டுக்கு நேரம் நீட்டிச்சு தரணும், லேட் ஃபீ போட்டத எடுக்கணும்னு கேட்டுக்கறேன்."

கடைசி வரிய பாருங்க, என்ன வேணும்னு கேட்டிருக்கு. நம்ம பசங்க ரெண்டு பக்கம் கஷ்டத்த எழுதிட்டு இத மட்டும் விட்டுடுவாங்க, படிக்கறவர் வருத்தம் தெரிவிக்கிறோம்னு ஒரு பதில் போட்டு ஃபைல மூடிடுவார். ஏஐ வெச்சு எழுதறதா இருந்தா தேதியும் தொகையும் நீங்க கொடுத்ததுதானான்னு வரி வரியா சரி பாருங்க, அது சும்மா ஒரு தேதிய போட்டு வெச்சிருக்கும், அப்புறம் அதுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்.

அனுப்பிட்டு அந்த மெயில உங்க சொந்த மெயிலுக்கும் ஒரு காப்பி அனுப்பிக்கோங்க. கிடைச்சுதுன்னு பதில் வரலன்னா மூணு நாள் கழிச்சு, கிடைச்சுதா, யார் பாக்கறாங்கன்னு ரெண்டே வரில கேளுங்க. இதுக்கு நடுவுல யாராவது போன்ல கூப்பிட்டு பேசினா பேசுங்க, பேசி முடிச்சதும் இன்னைக்கு போன்ல நீங்க இப்படி சொன்னீங்க, நான் புரிஞ்சுகிட்டது சரிதானான்னு ஒரு மெயில் போட்டுடுங்க. எழுதினதுல சந்தேகம் இருந்தா பேரையும் ஸ்டூடண்ட் நம்பரையும் மறைச்சுட்டு எனக்கு அனுப்புங்க, பாத்துட்டு சொல்றேன், ஆனா எனக்காக காத்திருந்து கெடுவ தாண்ட விட்டுடாதீங்க.